சீனாவிலிருந்து வராத பூக்கள்

உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், பாரிஸ் லா சப்பலில் என் கடைக்கு வந்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: "சீனாக்காரன்தான் இனி உலகத்தைத் தூக்கி நிறுத்தப்போறான்." எனக்கு எரிச்சல் வரும். உலகத்தைத் தூக்குவது இருக்கட்டும், என் பூவை முதலில் அனுப்பட்டும்.

நான் கலியாண மணவறைகளை வாடகைக்குக் கொடுப்பவன். பூவெல்லாம் துணிப்பூ. பக்கத்துப் புறநகரான ஒபர்வில்லியேயில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சீனப் பெண்ணிடம்தான் வாங்குவேன். மார்கழியில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைக்கமாட்டார்கள். தை பிறந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அந்த நேரம் பார்த்துச் சீனர்களுக்குப் புத்தாண்டு வந்து, ஆலைகளைப் பூட்டிவிடுவார்கள். அதனால் ஐப்பசியிலேயே சொல்லிவைப்பது என் வழக்கம். அந்த வருடமும் சொல்லித்தான் வைத்தேன். தை பிறந்தது, பூ வரவில்லை.

இன்னொரு புறநகரான ஸ்தேனில் இருக்கும் ஓர் அண்ணையின் மகளுக்குத் தைக் கடைசியில் கலியாணம். அவர் கோப்பை கழுவிய ரெஸ்டோரன்ட் மூடிச் சில மாதங்களாகியிருந்தன. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியாது. மணவறை சோபை குறைந்தால் கதை வெளியே வந்துவிடும் என்று பயந்து, முழுக்கச் சிவப்பு ரோசாதான் வேண்டும் என்றார். இரண்டு நாளைக்கொருமுறை கடைக்கு வந்து, "வந்திட்டுதோ தம்பி?" என்பார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, மனைவி பேசினால் பாய்ந்து விழுந்தேன். பஸ் பிடித்து மறுபடி மறுபடி ஒபர்வில்லியேக்கு ஓடினேன். கடைசியில் அந்தப் பெண்ணே அலுத்துப்போய்த் தன் உடைந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். ஐரோப்பா வாங்குவதைக் குறைத்ததும், ஆலைக்காரர்கள் தொழிலாளர்களைப் புத்தாண்டுக்கு முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். ஊரில் அரசாங்கம் காசைக் கொட்டி ரோட்டும் பாலமும் போடுகிறதாம். பூக்கட்டிய கைகள் அங்கே கல் சுமக்கப் போய்விட்டன, இனிப் பூ வராது என்றாள். உலகத்தைத் தூக்கி நிறுத்துவது என்றால் இதுதான் போலிருக்கிறது.

அடுத்த நாள் அண்ணை வந்ததும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"பழைய பூவைக் கழுவிக் கட்டிவிடுறன் அண்ணை. குறை தெரியாது."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பூவை விடும். அங்கை அந்த ரோட்டு வேலைக்கு வெளியாக்களையும் எடுக்கினமோ?"

பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.