கண்ணாடித் துண்டும் மூன்று வாளிகளும்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைகள் இருக்கும் பெரிய ரோட்டுக்குப் பின்னால், ஒரு குறுக்கு வீதியில், மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். கடையில் சேலை எடுத்த கையோடு நேரே என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அளவு சரியில்லை என்று திரும்பி வந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

குப்பை விஷயத்தில் மட்டும் அப்போது நான் சுத்த மோசம். வீட்டுக்கு ஒரே வாளி. காய்த்தோல், மிஞ்சின சோறு, வெட்டுத்துணி, பால் கவர், ஒடிந்த ஊசி எல்லாம் அதற்குள்தான். காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வரும். அதில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். விசில் ஊதிவிட்டு, "ஈரக் குப்பை தனியா, காஞ்சது தனியா குடுங்க" என்று தினமும் சொல்வார். நானும் தினமும் தலையை ஆட்டிவிட்டு அதே வாளியை நீட்டுவேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் வாளியை வாங்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, எத்தனை நாளைக்குத்தான் சொல்றது? இன்னிக்குப் பிரிச்சுக் குடுங்க. கலந்து வாங்குனா எனக்குத் திட்டு உழுகுதுங்க."

அன்று ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளைப் பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வேலை தலைக்கு மேல கெடக்குது எனக்கு. நாங்க வரி கட்டறதில்லையா? பிரிக்கறதுக்குத்தானே நீங்க வர்றீங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு சாக்கை விரித்து, என் வாளியைக் கவிழ்த்து, குத்தவைத்து உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். கையுறை நனைந்திருந்ததால் கழற்றி வண்டிக் கம்பியில் காயப் போட்டிருந்தார். வெறும் கையை வெட்டுத்துணிக் குவியலுக்குள் விட்டவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையிலிருந்து ரத்தம் சோற்றின் மேல் சொட்டியது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஒரு துணிக்கட்டு சாய்ந்து, ஜாக்கெட் போட்டுப் பார்க்க வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி உடைந்துபோனது. பெரிய துண்டுகளைப் பொறுக்கி மொட்டை மாடியில் வைத்தேன். சின்னதையெல்லாம் வெட்டுத்துணியோடு சேர்த்துக் கூட்டி வாளியில் கொட்டிவிட்டேன்.

ஒரு துணியை எடுத்து அவர் கையை இறுக்கிச் சுற்றி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, வீதி முனையிலிருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஐந்து தையல் போட்டார்கள். வெளியே வந்ததும் கட்டுப் போட்ட கையை என் முன்னால் நீட்டினார்.

"தையக்காரங்களாச்சே, கட்டுப் போடறதுக்கு முன்னாடி பாத்தீங்கல்ல? அஞ்சும் ஒரே சீரா உழுந்துச்சுங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் கண்ணாடி நான் போட்டதுங்கக்கா" என்றேன். அக்கா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயில் வந்தது.

"உங்க வாளியிலதானே இருந்துச்சு, பின்ன வேற யாரு போட்டிருப்பாங்க?" என்றார். அதில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. கல்யாண ஜாக்கெட் அன்று சாயங்காலம்தான் போனது. கல்யாண வீட்டார் திட்டினதையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் போல அவர் வரவில்லை. அவருக்குப் பதில் வந்தவர் அவசரக்காரர். எதைக் கொடுத்தாலும் வாங்கி வண்டியில் தட்டிக்கொண்டு போய்விடுவார். வீதியில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் வாளியைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கை கண்ணில் வந்து நின்றது.

மூன்று வாளி வாங்கினேன். பச்சை ஈரத்துக்கு, நீலம் காய்ந்ததற்கு, சின்னதாக ஒரு சிவப்பு நாப்கினுக்கும் மருந்துச் சமாச்சாரத்துக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒன்றை எடுத்தால் முழுசாகச் செய்கிற ஆள். ஈரக் குப்பையை வெளியே அனுப்புவதே இல்லை, வீட்டிலேயே எருவாக்கிவிடுவது என்று முடிவு செய்து, மூடிபோட்ட ஒரு டிரம்மில் சுற்றிலும் ஓட்டை போட்டு மொட்டை மாடியில் வைத்தேன். சோறு, பருப்பு, தர்பூசணித் தோல் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். ஒரு வாரத்தில் புழு நெளிந்தது. அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்து சுவர் ஓரமாகக் கீழே இறங்கியது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார்.

"ஏங் கண்ணு, இது எருவா, என்ன கருமாந்தரம்? ஊட்டுக்குள்ள உக்கார முடியலயே. நாளைக்குள்ள இதை எடுத்துப்போடு."

"ஒரு வாரம் பொறுத்துக்குங்கம்மா. நாத்தம் போகலீன்னா டிரம்மை நானே தூக்கி எறிஞ்சுபோடறேன்" என்று துணிந்து சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி சொன்னவர், எனக்கு வெட்டுமேஜை செய்து கொடுத்த ஆசாரிவேலை பாய். மேஜைக்கால் ஒன்று ஆடுகிறதென்று அவர் பட்டறைக்குப் போனபோது பேச்சோடு பேச்சாக என் டிரம் கதையைச் சொன்னேன். அவர் இழைப்புளியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அதுல காஞ்சது என்ன போடறீங்க?"

"காஞ்சதா? ஒண்ணும் போடலீங்க பாய்."

"அப்புறம் நாறாம என்னங்க பண்ணும்? இங்க தரையில எண்ணெய் கொட்டுனாக்கூட மரத்தூளைத்தான் போடறோம். ஈரத்தை அது குடிச்சுக்கும்." மூலையில் இருந்த மூட்டையைக் காட்டினார். "அதை எடுத்துட்டுப் போங்க. வேப்பமரம் அறுத்தது. இந்தப் பக்கம் இருக்கறதைத் தொடாதீங்க, பிளைவுட் தூளு, பசை கலந்திருக்கும்."

மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கை குப்பைக்கு ஒரு கை மரத்தூள் என்று கலந்து, புளித்த மோர் தெளித்து, மூன்று நாளைக்கொரு தரம் குச்சியால் அடிவரை கிளறிவிட்டேன். நான்காம் நாள் நாற்றம் பாதியாகக் குறைந்தது. ஏழாம் நாள் வீட்டுக்கார அம்மா மேலே வந்து மூடியைத் திறந்து, குனிந்து, முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த நாள் காலையில் அவர் வீட்டுக் காய்த்தோல் ஒரு கிண்ணத்தில் என் படியில் இருந்தது.

இப்போது மூடியைத் திறந்ததுமே எனக்குச் சொல்லத் தெரியும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் தூள் போதவில்லை. உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். எண்ணெய்க் குழம்பும் எலும்பும் அதில் போடக்கூடாது. இரண்டு மாதத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். வந்தால் எரு ஆகிவிட்டது.

அக்கா திரும்பி வந்த காலையில் நான் விசிலுக்கு முன்னாலேயே கேட்டில் நின்றேன். நீல வாளியை வாங்கி, குச்சியால் அடிவரை துழாவிப் பார்த்தார். என்னை நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பால் கவர் கழுவிக் காய்ந்திருந்தது. வெட்டுத்துணி தனிப் பையில் இருந்தது. மொட்டை மாடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பழைய அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதியிருந்தேன்.

"பரவால்லீங்களே!" என்றார். பிறகு வீதியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, நான் சொன்னா சண்டைக்கு வாராங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்றீங்களா?"

சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைப் போட்டபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். பாதி வீட்டுப் பெண்களுக்கு நான் ஜாக்கெட் தைத்தவள், கதவைச் சாத்த முடியாது. பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள், கவரோடு ஒட்டியிருக்கட்டும் என்றேன். நாப்கினையும் டயபரையும் பேப்பரில் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போடுங்கள், வண்டியில் வரும் அக்கா கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது என்றேன். செத்த பேட்டரி, பியூஸ் போன டியூப்லைட் தனியாக இருக்கட்டும், வண்டி வரும்போது கையில் கொடுங்கள் என்றேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களிடம் கண்ணாடிக் கதையை மறைக்காமல் சொன்னேன். நான் செய்ததென்றே சொன்னேன்.

கடைசி வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. "அவங்க வேலையே அதுதானேம்மா?" என்றார். நான் அக்காவிடம் கேட்டதையேதான் அவரும் கேட்டார்.

"பிரிச்சதை எடுத்துட்டுப் போறதுதாங்க அவங்க வேலை. நம்ம ஊட்டுக் கண்ணாடியில கையை அறுத்துக்கறது இல்லீங்க."

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். இன்றுவரை அவர் மாறவில்லை. ஆனால் அவர் மனைவி மறுநாளிலிருந்து, அவர் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரம் பார்த்து, பிரித்த குப்பையோடு கேட்டுக்கு வந்துவிடுகிறார்.

அக்காவின் சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. "வாளி புடிக்கறதுக்கு நாலு வெரலு போதுங்க" என்கிறார். எனக்கு அது போதவில்லை, ஆனால் அதற்கு நான் செய்யக்கூடியது இனி ஒன்றும் இல்லை.

போன மாதம் அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவரைக் கூட்டிக்கொண்டு வீதி முழுக்க நடந்து, ஒவ்வொரு வீடாகக் காட்டினார். என் கேட்டுக்கு வந்ததும் நின்றார்.

"இந்த வீதியில பிரிச்சுத்தான் குடுப்பாங்க. நீங்க அவசரத்துல கலந்து கொட்டுனீங்கன்னா இந்த அம்மணி வண்டியை உடமாட்டாங்க, பாத்துக்குங்க."

புதியவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, நீல வாளியை அவர் கையில் கொடுத்தேன்.