சலவைக் கூடாரத்தில் அமெரிக்க இலக்கியம்

கல்லூரியில் எங்களுக்கு அமெரிக்க இலக்கியம் ஒரு தனித் தாள். அதற்கான மூல நூல் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் நோட்ஸ்தான். காட்டுக்குள் தனியாகப் போய் வாழச் சொன்னவர்கள் ஓர் இயக்கம். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, தங்கள் கதையைத் தாங்களே எழுதியவர்கள் ஒரு பகுதி. தெற்கிலிருந்து ரயிலேறி வந்து நியூயார்க்கின் ஹார்லமில் கூடிய கறுப்பின எழுத்தாளர்கள், ஓவியர்கள், பாட்டுக்காரர்கள் இன்னொரு இயக்கம். ஆளுக்கு ஆறு வரி. மனப்பாடம் செய்து, எழுதி, பரீட்சை முடிந்த மத்தியானமே மறந்துவிட்டேன்.

அப்படி வாங்கிய பட்டத்தோடு குவைத் பாலைவனத்தில் இருந்த ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் வேலைக்குச் சேர்ந்தேன். ஈராக் போர் தொடங்கியிருந்த காலம் அது. இலக்கியம் படித்தவன் என்பதால் என்னைச் சலவைக் கூடாரத்தின் கவுன்டரில் நிறுத்தினார்கள். சிப்பாய்களின் அழுக்குத் துணி மூட்டைகளை வாங்குவது, சட்டைப்பைகளைத் துழாவுவது, டேக் கட்டுவது என் வேலை. எதற்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை.

என்னோடு டியூட்டி பார்த்தவர்கள் நேபாளிகளும் வங்காளிகளும். தமிழ் நான் ஒருவன்தான். எப்போதாவது கம்பெனி வேன் எங்களைப் பக்கத்து நகரமான ஃபஹாஹீலுக்குக் கூட்டிப்போகும். அங்கே தமிழ் காதில் விழும். ஊருக்குப் பேச எந்த கார்டு மலிவு, யாருக்கு எப்போது லீவு என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் பசிதான் வேறு. அதற்கு அந்தப் பேச்சு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உணவுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மர அலமாரி இருந்தது. சிப்பாய்களுக்காக அமெரிக்காவில் யார் யாரோ அனுப்பிய பழைய புத்தகங்கள் அதில் கிடக்கும். ‘ஒன்றை எடு, ஒன்றை வை’ என்று மேலே எழுதி ஒட்டியிருந்தார்கள். சிப்பாய்கள் யாரும் அதை மதிக்கவில்லை. வேண்டியதை எடுத்துப் போனார்கள். எங்கள் கதை வேறு. “இங்க கீழ கிடக்குற பேனாவ எடுத்தாலும் கலாஸ், வேல முடிஞ்சுது, நேரா ஏர்போர்ட்தான்” என்று சூப்பர்வைசர் சேர்ந்த அன்றே இந்தியில் மிரட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் அந்த அலமாரியில் செங்கல் பருமனில் அமெரிக்க இலக்கியத் தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். நான் ஆறு வரியில் படித்துத் தொலைத்தவர்கள் எல்லோரும் முழுதாக உள்ளே இருந்தார்கள். கை பரபரத்தது. பயமும் இருந்தது. அறைக்குப் போய் என்னிடம் இருந்த ஒரே தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். திருச்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிறுகதைத் தொகுப்பு. அதை அதே இடைவெளியில் செருகிவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். தமிழை இங்கே யார் சீண்டப் போகிறார்கள், படித்து முடித்துத் திருப்பிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

காட்டில் தனிமையைப் புகழ்ந்தவர்களைப் படிக்க எரிச்சலாக இருந்தது. வேண்டாமென்றால் திரும்பிப் போக வீடு உள்ளவனுக்குத் தனிமை மருந்துதான். எங்களுக்கு அதை யூனிஃபார்மோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். எழுத்துக் கற்பதே குற்றம் என்றிருந்த இடத்தில் ஒளிந்து படித்து எழுதியவர்களிடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ஹார்லம். வாடகை கொடுக்க முடியாதவர் வீட்டிலேயே விருந்து வைத்து, வந்தவர்களிடம் காசு வாங்குவாராம். பாட்டும் கூத்துமாகக் கழியுமாம். ஒருவர் எழுதியதை அடுத்த தெருக்காரர் திட்டுவார். அவரைத் திட்டி மூன்றாமவர் எழுதுவார். எனக்கு வயிறு எரிந்தது. இயக்கம் என்றால் முதலில் திட்டுவதற்கு இன்னொருத்தர் வேண்டும் என்பது எந்த நோட்ஸிலும் இல்லை.

அந்தச் சமயத்தில் என் தமிழ்ப் புத்தகம் அலமாரியிலிருந்து காணாமல் போனது.

சத்தியமாக எனக்குச் சந்தோஷம்தான். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்த முகாமில் இருக்கிறார். அன்றிலிருந்து அவரைத் தேடினேன். சாப்பாட்டு வரிசையில் நின்று, “இன்னைக்கும் உருளைக்கிழங்குதானா, நாக்கு செத்துப்போச்சு” என்று காற்றைப் பார்த்துச் சத்தமாகப் பேசினேன். முன்னால் நின்ற நேபாளி மட்டும் திரும்பி, “க்யா ஹுவா பாய்?” என்று இந்தியில் என்ன ஆச்சென்று கேட்டார். சமையல்காரர்கள், டிரைவர்கள், தண்ணீர் லாரிக்காரர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, மனதுக்குள் அவரோடு பேச ஆரம்பித்தேன். இலங்கைக்காரராக இருக்கலாம், என்னைவிட மூத்தவர். எனக்குப் பிடித்த கதை அவருக்குப் பிடிக்காது. மூட்டை கட்டிக்கொண்டே அவரோடு சண்டை போட்டேன். குவைத்தில் நான் நன்றாக இருந்த நாட்கள் அவைதான்.

ஒரு காலை, கறுப்பினப் பெண் சிப்பாய் ஒருவர் துணி மூட்டையைக் கவுன்டரில் வைத்தார். கூடவே என் புத்தகத்தையும் வைத்தார்.

“உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியுமா? எழுத்து அழகாக இருக்கிறதென்று எடுத்தேன். எந்தப் பக்கம் மேலே என்றுகூடத் தெரியவில்லை.”

நான் மனதில் வைத்திருந்த அந்த மனிதர் அந்த நிமிஷமே செத்துப்போனார். இந்தப் பெண்மீது கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். பேச்சை மாற்ற ஹார்லம் எழுத்தாளர்களைப் படித்திருக்கிறாரா என்று கேட்டேன்.

“பள்ளியில் பாடமாக வைத்திருந்தார்கள். சுருக்கத்தைப் படித்துப் பாஸ் பண்ணினேன்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. “இதை வாசியுங்களேன்” என்றார்.

முதல் பக்கத்தை எடுத்து வாசித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் முகத்தைப் பார்த்துத் தமிழ் பேசுகிறேன், அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் பக்கம் முடியும்வரை அவர் நகரவில்லை.

“என்ன கதை?”

“ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்.”

“பஸ் வருமா?”

“வரும். அவர் ஏறமாட்டார்.”

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் “ஜல்தி, ஜல்தி” என்று கத்தினார். மறுநாள் தன் யூனிட் ஈராக் எல்லையைத் தாண்டுகிறது என்று அந்தப் பெண் சொன்னார். புத்தகத்தை என் பக்கம் தள்ளி, “உங்கள் மொழிதானே, வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

நான் அதைத் திரும்ப அவர் கையில் கொடுத்தேன். அவரிடம் இருந்தால் படிக்கத் தெரியாத ஒருவராவது திறந்து பார்ப்பார். என்னிடம் இருந்தால் நான் மட்டும்தான் படிப்பேன். நான் என்கிற அந்த ஒரே ஆளோடு தனியாக இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.