மாஸ்டரின் வாயும் காலும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நல்லவர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார், கடைசி ஆளாக நின்று மின்விசிறியை அணைப்பார். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பழத்தோடு வாசலில் நிற்பார். ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வெள்ளைக் காரில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிவிட்டால் மனிதர் வேறு ஆள். திறந்த வாய் மூடாது.

அதுவும் சும்மா திட்டு இல்லை, தரம் பிரித்த திட்டு. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் 'மண்ணாங்கட்டி'. கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் 'எருமை மாடு'. சிக்னல் போட மறந்தால் 'தண்டம்'. தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் 'தகர டப்பா'. படிக்க வருகிறவர்கள் முதல் வாரம் அழுவார்கள், அடுத்த வாரம் பழகிவிடுவார்கள், அதற்கப்புறம் அந்தத் திட்டை வைத்தே வண்டி ஓட்டுவார்கள். 'எருமை' என்று காதில் விழுந்தால் கண் தானாகக் கண்ணாடிக்குப் போகும். 'தண்டம்' என்றால் கை தானாக சிக்னலைத் தட்டும். என்னதான் சொல்லுங்கள், மாஸ்டரிடம் படித்துத் தேறாதவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வம்பு வந்தது காரின் பின்கண்ணாடி வழியாக. 'இயேசு உங்களை நேசிக்கிறார்' என்று ஒரு முழ நீளத்துக்கு மாஸ்டர் ஆசை ஆசையாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார். ஒருநாள் கார் சிக்னலில் நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லாமல் தெருவிலும் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். பச்சை விழுந்ததும் சிஸ்டர் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"மண்ணாங்கட்டி! சுத்த மண்ணாங்கட்டி! கால்ல என்ன சிமெண்ட்டா பூசி வெச்சிருக்கே?"

ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. சாலை நடுவே நின்ற போக்குவரத்து போலீஸ்காரர் நிதானமாக நடந்து வந்தார். காரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அங்கே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"ஏன் மாஸ்டர், பின்னாடி நேசிக்கிறவரும் முன்னாடி கத்துறவரும் ஒரே கட்சிதானா?"

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டருக்கும் அடக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. தன்னைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆண்டவரையல்லவா நாலு பேர் சிரிக்கிற மாதிரி நடுரோட்டில் நிற்க வைத்துவிட்டோம் என்று நிஜமாகவே மனசு வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில், அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார்.

"இன்னையிலேருந்து என் வண்டிக்குள்ள ஒரு திட்டு வராது. கோபம் வந்தா ஸ்தோத்திரம்னு சொல்லுவேன். இது நான் ஆண்டவருக்குக் குடுக்குற வாக்கு."

சபை கை தட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி, "அப்படியே வீட்டையும் சேர்த்துச் சொல்லிடுங்க!" என்றார். போதகர் ஐயா அதற்கு 'ஆமென்' சொன்னார், கொஞ்சம் பலமாகவே.

அங்கேதான் பிடித்தது சனியன். இத்தனை நாள் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு திட்டு. இப்போது எல்லாத் தப்புக்கும் ஒரே ஸ்தோத்திரம். கிளட்ச்சுக்கும் அதுதான், கண்ணாடிக்கும் அதுதான். எதற்குச் சொல்கிறார் என்று பாவம் ஓட்டுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் தெரிந்தது: மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றால் ஏதோ விபரீதம். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் பிரேக்கை மிதித்தார்கள். ஊரில் ஒரு வெள்ளைக் கார் காரணமே இல்லாமல் ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று நின்று போனது.

"ஏம்மா நடுரோட்டுல நிறுத்துன?"

"நீங்கதானே மாஸ்டர் ஸ்தோத்திரம்னீங்க?"

"அது சிக்னல் போடாததுக்கு!"

"எனக்கு எப்படி மாஸ்டர் தெரியும்? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பழையபடி திட்டிடுங்களேன்" என்று சிஸ்டர் கெஞ்சினாள்.

சபையில் ஆர்கன் வாசிக்கிற அண்ணனும் அப்போது மாஸ்டரிடம்தான் படித்துக்கொண்டிருந்தார். போதகர் ஐயா உருக்கமாக ஜெபித்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்தோத்திரம்" என்றாரோ இல்லையோ, ஆர்கன் அண்ணனின் வலது கால் பாய்ந்து சத்தத்தைக் கூட்டுகிற பெடலை அமுக்கியது. விரலும் கட்டை மேலேயே இருந்ததால் ஆர்கன் யானை போலப் பிளிறியது. முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த ஒருவர் 'கர்த்தர் வந்துவிட்டார்' என்றே எழுந்து நின்றுவிட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டில் பரிமாறிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, திட்டவும் வேணாம், ஸ்தோத்திரமும் வேணாம். என்ன தப்புன்னு அந்தத் தப்பையே சொன்னா என்ன? 'கிளட்ச்சை மெதுவா விடு'ன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

மாஸ்டர் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் மனைவியையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது ஒருநாள்கூடத் தோன்றவில்லை என்றால் பாருங்களேன்!

மறுநாளிலிருந்து வண்டிக்குள் அமைதி வந்தது. "சிக்னல் போடும்மா." "கண்ணாடியைப் பாரும்மா." வாய் வழிக்கு வந்துவிட்டதில் மாஸ்டருக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் சிஸ்டருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அவளுக்கு நைட் டூட்டி. அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போவாள்; வாசற்படியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். இப்போது பகலில் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. கார் அவர்களே கொடுப்பார்கள். லைசென்ஸ் மட்டும் அந்த வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும். முந்தின டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கல்லில் ஏற்றித் தோற்றிருந்தாள். மறுபடி கிடைத்த தேதி வியாழக்கிழமை. இதை விட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் ஏறினார். சிரிப்பு என்பதை யாரோ அவரிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை போலிருக்கும் முகம்.

"மாஸ்டர் பேசக் கூடாது. மூச்சு விடலாம்."

மாஸ்டர் உதட்டை மடித்து வைத்துக்கொண்டார். சிஸ்டர் கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி கிளம்பியது. ரிவர்ஸும் அம்சமாக முடிந்தது. கடைசித் திருப்பம் வரைக்கும் ஒரு குறை இல்லை. அப்போது ஒரு நாய் சாலை நடுவில் வந்தது. வந்ததோடு போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து காதைச் சொறிய ஆரம்பித்தது. கார் நாயிடமிருந்து ஓர் ஆள் தூரத்தில் அழகாக நின்றது.

"நல்லா நிறுத்துனீங்க" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். சிஸ்டருக்கு முகமெல்லாம் பல். பின்சீட்டில் காகிதம் சரசரத்தது, பேனா மூடி கழன்றது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். மாஸ்டருக்கென்று பக்கத்து சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிற இரண்டாவது பிரேக் மேல் தன் வலது கால் ஆணி அடித்த மாதிரி இருந்தது. யார் சொல்லி அங்கே போனது என்று அவருக்கே தெரியாது.

'ஆண்டவரே, திட்டமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன்? காலைப் பற்றிப் பேச்சே வரவில்லையே?' மேலிருந்து சத்தம் இல்லை. 'நான் பேசவே கூடாது என்று அந்த அதிகாரியே சொல்லியிருக்கிறார். அதிகாரிக்குக் கீழ்ப்படிவது நல்லதுதானே?' அதற்கும் சத்தம் இல்லை. 'அந்தப் பிள்ளை பத்து வருஷமாக வாசற்படியில் அம்மாவைப் பார்க்கிறதே, அதையாவது நினைத்துப் பாரும்!' இப்படி எத்தனை வக்கீல் வைத்து வாதாடினாலும், அவள் பிரேக் போடவில்லை என்பது அவருக்குத் தெரியும். நாளைக்கு இதே சிஸ்டர் தனியாகப் போகும்போது குறுக்கே வருவது நாயாக மட்டும்தான் இருக்குமா?

"சார், ஒரு நிமிஷம். பிரேக் போட்டது நான்."

"என்னது?" என்றாள் சிஸ்டர்.

"உன் கால் போறதுக்குள்ள என் கால் போயிடுச்சும்மா."

சிஸ்டர் மாஸ்டரைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். ஆரம்பித்தாள் பாருங்கள்!

"மண்ணாங்கட்டி! எருமை மாடு! தண்டம்! தகர டப்பா! யாராவது உங்களைக் கேட்டாங்களா? வாயைக் கட்டுன மனுஷன் காலையும் கட்டியிருக்கக் கூடாதா? சரி, காலைத்தான் கட்டல, அந்த ஒரு நிமிஷம் வாயையாவது கட்டிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? என் பொண்ணுக்கு நான் இப்ப என்ன சொல்லுவேன்!"

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொரு திட்டும் தான் கற்றுக்கொடுத்தது என்பது வேறு மாஸ்டரை உறுத்தியது. அழுகிறவளைப் பார்க்க முடியாமல் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். "எல்லா மாஸ்டருங்க காலும் அங்கதான் இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். என் சர்வீஸ்ல அதை வாயால சொன்ன முதல் ஆள் நீங்கதான். சொல்லிட்டீங்க, இனிமே இந்தச் சுத்துக்கு நான் மார்க் போட முடியாது. இறங்குங்க."

இருவரும் பெல்ட்டைக் கழற்றினார்கள்.

"நீங்க இல்லம்மா. அவர் மட்டும்."

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்சீட்டுக்கு மாறினார். மாறியவர், இரண்டு காலையும் மடக்கி சீட்டுக்கு மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிஸ்டர் வண்டியைக் கிளப்பினாள். கார் திருப்பத்தில் மறைந்தது.

மாஸ்டர் நடைபாதையில் தனியாக நின்றார். எந்தப் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் வந்தாலும் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்ன சார், எறும்பா?"

"இல்ல, பிரேக்கு."

கடைக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாஸ்டருக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. தினமும் வண்டியை எடுக்கும் முன் 'கர்த்தாவே, நீரே இவர்களைக் காத்துக்கொள்ளும்' என்று ஜெபித்துத்தான் வகுப்பையே தொடங்குவார். ஒருநாள் தவறியதில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கால் எங்கே இருந்தது? பிரேக் மேல்தான். காத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, எதற்கும் நானும் இருக்கிறேன் என்று இத்தனை வருஷமும் காலை வைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தோம்! படிக்க வந்தவர்களையும் நம்பவில்லை, ஒப்படைத்த இடத்தையும் நம்பவில்லை. திட்டை விட்டுவிட்டோம் என்று சபையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை நினைத்து அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்து நிமிஷம் கழித்து கார் வந்து நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் காலைப் பிரித்துக்கொண்டு இறங்கினார். கையிலிருந்த புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து சிஸ்டரிடம் நீட்டிவிட்டு, மாஸ்டரைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தார், அவ்வளவுதான். சிஸ்டர் ஜன்னல் வழியாக அந்தத் தாளை ஆட்டினாள். அழுத கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பு காது வரைக்கும் போயிருந்தது.

"பாஸ் மாஸ்டர்! ஒரு லாரி குறுக்க வந்துச்சு. நானே நிறுத்திட்டேன். நானே!"

மாஸ்டர் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்தார். "நல்லா இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்கதவைத் திறக்கப் போனார்.

"அங்க இல்ல. பின்னாடி உக்காருங்க. வீட்டுல நான் கொண்டு விடறேன்."

தன் சொந்தக் காரின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. கால் கீழே துழாவியது. மிதியடியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. வண்டி நகர்ந்தது. ஒரு பஸ் உரசுகிற மாதிரி போனது, ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன மாஸ்டர், பின்னாடி சத்தத்தையே காணோம்?"

"ஜெபம் பண்ணிட்டிருக்கேம்மா."

"அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"இல்லம்மா, நல்லாத்தான் ஓட்டுறே. நான்தான் இன்னைக்கு முதல் தடவையா நிஜமாப் பண்றேன்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே மூன்றாவது கியருக்கு மாற்றினாள்.