மாமாவின் வரிச் சான்றிதழ்

வருமான வரி பாக்கி இல்லையென்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தால்தான் மாமா கப்பலேற முடியும் என்றார்கள். அவருக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தார். சிராங்கூன் ரோட்டு ஆசாரியிடம் தாலி செய்தாயிற்று. கப்பல் டிக்கெட்டும் வந்தாயிற்று. அந்த ஒரு சான்றிதழுக்குத்தான் வழியைக் காணோம்.

அம்மாவின் தம்பியான அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு வரி ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவர், தன் ஃபாரத்தை மட்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம்லா" என்று தள்ளிக்கொண்டே வந்தார். கப்பல் புறப்படும் நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவள் அவள்.

"கெளம்புடா, நானும் வர்றேன்" என்று ஒரு காலையில் அவரைப் பிடித்து இழுத்தாள். பள்ளி விடுமுறையாதலால் ஒன்பது வயது நானும் கூடப் போனேன்.

பஸ்ஸில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் நானும் மாமாவும். வழியில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். சம்பளத்தில் வரி பிடித்ததற்குத் தளத்தில் கொடுத்த சீட்டு அது. சின்னதாக மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். டவுனில் பிக்பாக்கெட் பயம் உண்டென்று அம்மா சொல்லியிருந்தாள். மாமாவின் முன்யோசனையை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வரி ஆபீசில் பெஞ்சு நிறையக் கூட்டம். யாரும் உரக்கப் பேசவில்லை. அம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எங்கள் முறை வந்தபோது ஒரு சீன அதிகாரி, ஃபைலைப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மாமா இல்லையென்று தலையசைத்தார்.

"என்னடா சொல்றாரு?"

"வரி பிடிச்ச சீட்டு வேணுமாம். அது தொலைஞ்சிடுச்சுக்கா. நகல் வாங்க ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா? நாளன்னைக்குக் கப்பலுடா!" அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தாள். "பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? பத்திரிகை அடிச்சிட்டாங்களே!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு முக்கியமானதை மாமா எப்படி மறந்தார்?

"மாமா, சாக்ஸுக்குள்ள வச்சீங்களே!" என்று கத்தினேன்.

மாமா அசையவில்லை. தமிழ் புரிந்ததால் சிரித்துவிட்ட பக்கத்துப் பெஞ்சுக்காரர் ஒருவர், அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அதிகாரியும் சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். மாமா குனிந்து, சப்பாத்தின் நாடாவைத் தளர்த்தி, மெதுவாகத்தான் அதை எடுத்தார்.

கணக்குப் பார்த்ததில் சம்பளத்தில் வரி கூடுதலாகவே பிடித்திருந்தார்கள். மிச்சம் திரும்பி வருமாம். "போகும்போதே பணமும் வருதே, எல்லாம் கல்யாண யோகம்!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை இறுக்கி அணைத்தாள். முத்திரை விழுந்த சான்றிதழை அவளே வாங்கிப் பத்திரப்படுத்தினாள்.

துறைமுகத்தில் மாமா என் தலையைத் தடவி, "நீ ரொம்பக் கெட்டிக்காரி" என்றார். அந்தப் பாராட்டை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கப்பலின் மேல்தட்டில் நின்றபடி அவர் கையசைத்தாரே தவிர எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்தார். திரும்பினேன். கிடங்குச் சுவரோரம் வெள்ளைச் சீருடையில் ஒரு சீன நர்ஸ் தனியாக நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பாவம், யாரையோ வழியனுப்ப வந்தவருக்குக் கூட்டத்தில் கப்பல் தெரியவில்லை போலும் என்று நினைத்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, அவருக்குத் தெரியும்படி விலகி நின்றேன்.