நின்று கெடும் வண்டி

மற்றவர்களுடைய வண்டி ஓடி ஓடிக் கெடும். என் மாமா வைத்திருந்த வண்டி மட்டும் நின்று நின்றே கெட்டது. திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அங்கே அடிக்கும் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, வாசல் கேட், அப்பாவின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடும். ஓடாத வண்டி ஒன்று கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தோதாக ஃபிரேமை வளைத்து மாட்டிவிடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். அத்தையும் அவர்களுடைய பையனும் கோயம்புத்தூரில் இருந்தார்கள். அத்தைக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் தீபாவளிக்குக்கூடவா லீவு தரமாட்டார்கள் என்று நான் கேட்டேன். அம்மா உடனே என்னைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னாள். மாமா எங்கள் மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் தங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருவார்.

அது ஒரு குட்டி மோட்டார் சைக்கிள். மண்ணிலும் மேடு பள்ளத்திலும் சின்னப் பிள்ளைகள் ஓட்டிப் பழகுவதற்கென்றே செய்தது. விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, டயர் முழுக்கக் கட்டை கட்டையாக இருக்கும். ஈ.சி.ஆர். பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட்டில் வேண்டாம் என்று தள்ளியதை மாமா வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து எங்கள் வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இறக்கினார்.

“பையன் லீவுக்கு வருவான்ல” என்றார். அம்மா மேலே போய்விட்டாள்.

நாங்கள் இருந்த கட்டடத்தில் என் வயதில் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்குவார், அம்மா ஒரு வாரத் துணியைத் துவைப்பாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் பூனைக்கும் அலுத்துப்போய் எழுந்து போய்விடும். அதனால் மாமா கீழே பழைய போர்வையை விரித்து ஸ்பானர்களைக் கொட்டுகிற சத்தம் கேட்டதுமே நான் ஓடிப்போய் நிற்பேன்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நான் பல் தேய்த்துக் கழித்த பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார். கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே தேங்கிப்போன பெட்ரோல் பிசின்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் பொடித் துளையில் மெல்லிய கம்பி இழையை விட்டுக் குத்தி, வாயால் ஊதுவார். காற்று வடிகட்டுகிற ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் கசக்கி என்னிடம் தருவார். அதை வெயிலில் காயவைப்பது என் உத்தியோகம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கிக்கரை ஒரு உதை உதைத்தால் வண்டி உயிர் பெற்று இடம் முழுக்கப் புகையாகும். நின்ற இடத்திலேயே சற்று நேரம் உறுமவிட்டுப் பெட்ரோல் குழாயை மூடிவிடுவார். உள்ளே மிச்சமிருப்பது தீர்ந்ததும் வண்டி தானாக அணையும். மூடாமல் விட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி மறுபடி அடைத்துக்கொள்ளுமாம்.

அதற்குப் பிறகுதான் என் நேரம் வரும்.

“வா, ஏறிக் குந்து. காலு எட்டுதா?”

பழகுகிறவர்களுக்கு இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். அதற்காக முட்டி ரொம்பவும் மடங்கவும் கூடாது. மாமா தரையில் குனிந்து என் குதிகாலைப் பார்ப்பார். எழுந்து நின்று முழங்கையைப் பார்ப்பார். நான் கொஞ்சம் வளர்ந்திருந்தால் சீட்டைக் கழற்றிக்கொண்டு போய், சீட் கவர் தைக்கிறவரிடம் இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக்கொண்டு வருவார். ஹேண்டில்பாரைச் சற்றுத் தூக்கி முடுக்குவார். என்னை அளவெடுத்து, நான் வளர வளர இந்த உலகத்தில் ஒரு பொருளும் கூடவே வளர்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடச் சீருடையைக்கூட எனக்கு இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் தொளதொளவென்றுதான் தைப்பார்கள்.

ஆனால் ஓட்ட மட்டும் விடமாட்டார். ஒரே ஒரு தடவை தெருமுனைவரை என்று நான் கெஞ்சாத ஞாயிறு இல்லை. அவர் சொல்கிற பதிலும் ஒன்றுதான்.

“அவன் வரட்டும். ரெண்டு பேரும் சேந்து ஓட்டுங்க.”

அவன் வரவில்லை. ஒரு கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பு என்றார்கள், அடுத்ததில் அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். அப்படிப் போன் வந்த நாட்களில் வாரநாளாக இருந்தாலும் மாமா கீழே இறங்கிவந்து, நன்றாக இருக்கிற கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில் ஒரு மே மாதம் அவன் வந்தான். இரண்டே நாள்தான் இருப்பான் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மாமா விடிந்ததும் வண்டியைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு கிளம்ப, நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நடந்தோம். கடற்கரைக்குப் போகிற வழியில் மணலும் முள்ளுமாக ஒரு காலி மனை இருந்தது. அங்கே நிறுத்தி அவனை ஏறச் சொன்னார்.

அவன் ஏறி உட்கார்ந்தான். முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன. குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் அப்பா ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்பானரை எடுத்து ஹேண்டில்பாரைத் தளர்த்தித் தூக்கிப் பார்த்தார். அது அதற்குமேல் வரவில்லை. சீட்டை அழுத்திப் பார்த்தார். மறுபடி ஸ்பானரை எடுத்தார்.

“பரவால்லீங்கப்பா, விடுங்க. நல்லாத்தான் இருக்குது” என்றான் அவன், விருந்தாளி பலகாரத்தைப் பாராட்டுவதுபோல. மனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிக்கொண்டான்.

மாமா எங்கள் இருவரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்தார். என் தலைமேல் உள்ளங்கையை வைத்து நேராக அவன் பக்கம் கொண்டுபோனார். கை அவன் காதில் இடித்தது.

“ரெண்டு பேரும் ஒரே மாசம்தானே பொறந்தீங்க” என்றார்.

நான் ஒழுங்காகச் சாப்பிடாமல் குட்டையாகிப்போனதால்தான் காரியம் கெட்டது என்று எனக்கு ஒரே அவமானம். அன்றைக்கு வீட்டில் கேட்டு வாங்கி இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அவனை ரயிலேற்றிவிட்டு வந்த மாமா வண்டியின் சாவியை என் கையில் வைத்தார். “இனிமே இது உன்னுது. ஓட்டிக்கோ” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, லுங்கியோடு கூடவே ஓடிவரச் சொல்லி, அதே காலி மனையில் ஓட்டிப் பழகினேன். எல்லாம் கச்சிதமாக இருந்தது. கை நீட்டினால் ஹேண்டில்பார், கால் வைத்தால் தரை. எனக்கென்றே செய்த வண்டி என்று யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கீழே ஸ்பானர் சத்தம் கேட்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் கேட்கவில்லை. ஒரு நாள் செயின் கழன்றுவிட்டது என்று மாடியேறிப் போய்ச் சொன்னேன். மாமா கட்டிலில் இருந்தபடியே, முனைக் கடை மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார். மெக்கானிக் போனில் பேசிக்கொண்டே செயினை மாட்டித் தள்ளிவிட்டார். எனக்குக் கால் எட்டுகிறதா என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வண்டியை நான் கெடுத்துவிட்டேன், அதனால் மாமாவுக்கு என்மேல் கோபம் என்றுதான் முடிவு கட்டினேன். பிறகு, அது ஓடியதால் கெட்டது, அவருக்குப் பழக்கம் நின்று கெட்ட வண்டிதானே என்று ஒரு யோசனை தோன்றியது.

அன்றோடு ஓட்டுவதை நிறுத்தினேன். வண்டியைக் கடல் காற்று நேராக வருகிற கேட் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தினேன். பெட்ரோல் குழாயை மூடாமல் விட்டேன். மழைக்காலம் வந்தபோது மேலே ஒரு சாக்குகூடப் போடவில்லை. ஞாயிறு காலையானால் பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

மாமா இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தவர் என்னைத் தாண்டிப் போகும்போது நான் சொன்னேன்.

“மாமா, காலு நல்லா எட்டுது.”

நின்று என் பாதங்களைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். “ஸ்டாண்டு போட்டுக் குந்து, விழுந்துடப் போற” என்றார். கேட்டைத் திறந்து, எனக்கு அடிபடாமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

நான் இறங்கிச் செயினைப் பார்த்தேன். அங்கங்கேதான் துருவேறிப் பழுத்திருந்தது. இவ்வளவு போதாது போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் துரு ஏறட்டும் என்று மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.