பேட்டரி அறை கலியமூர்த்தி

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தியின் மகள் போன் செய்தாள். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றாள். வருகிறேன் என்றேன்.

நம் வாகன ஷெட்டில் அவரை அறியாதவர் இல்லை. கம்மாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்துபோன காண்ட்ராக்ட் ஆள். பேட்டரி அறையில் பதினெட்டு வருடம் என்னோடு நின்றவர். நான் பெர்மனென்ட். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை என்னை 'சார்' என்றார். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மல்டிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து அவர் எதையும் நம்பியதில்லை. "சும்மா கெடக்கசொல்ல எல்லா பேட்டரியும் பன்னண்டு வோல்ட்டு காட்டும் சார். லோடு குடுத்தாதான் வண்டவாளம் தெரியும்" என்பார். மகளின் வண்டிக்கு பேட்டரி வாங்க ஒருமுறை குறிஞ்சிப்பாடிக்கு என்னையும் அழைத்துப் போனார். பையிலிருந்து ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பேட்டரியிலும் எரியவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். நாலாவதில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "வாங்க வந்தீங்களா, பரீட்ச வைக்க வந்தீங்களா?" என்றார். "ரெண்டுக்குந்தாங்க" என்று சொல்லிவிட்டு இவர் ஐந்தாவதை எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. ரோட்டில் போய் நின்றுகொண்டேன்.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை, ஆம்புலன்ஸ் பேட்டரியை சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி எட்டு. சோதனைச் சீட்டில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவர், பேட்டரிக்குப் பளு கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரின் கிளிப்புகளை அதில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் பாத்துட்டேனேய்யா" என்றேன் எரிச்சலாக.

"சார்ஜருலேர்ந்து எறக்கன ஒடனே எல்லாம் நல்லாதான் காட்டும் சார். ஒரு தபா பாத்துக்கினு குடுத்துடறேன்."

பொத்தானை அழுத்தினார். பத்து எண்ணுவதற்குள் முள் எட்டு வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. "இது ஆள ஏத்திக்கினு போயி எங்கனா நின்னுடும் சார்" என்றார், குரலை உயர்த்தாமல். நான் சீட்டைக் கிழித்துவிட்டு, 'பழுது' என்று வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருவருமாக வேறு பேட்டரி மாட்டினோம். அன்று மதியம் அந்த வண்டியில் ஒரு பிரசவ கேஸ் போனது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள்.

அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில் அதிகாரி, "அந்த பேட்டரி பழுதைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். சீட்டில் என் கையெழுத்துதான் இருந்தது. எழுந்து நின்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள். கதவோரம் நின்ற கலியமூர்த்தியும் தட்டினார். வெளியே வந்ததும் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "உட்டுத்தள்ளுங்க சார். வண்டி கெளம்புச்சில்ல" என்றார். நானும் விட்டுவிட்டேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அவர் உடலுக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் மனைவி கேட்டார்: "அவரு பேரு உங்க ஷெட்டுல எங்கனா எழுதியிருக்குதாங்க?"

எங்கேயும் இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கைதட்டல் ஒன்றுதான். ஆகவே நண்பர்களே, இங்கே எழுதிவைக்கிறேன். அந்த பேட்டரியைப் பார்த்தவர் கலியமூர்த்தி. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.