குறையாத கூலன்ட்

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் கார் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பார்ப்பது என் வழக்கம். என்ஜின் சூடேறாமல் காக்கிற அந்தப் பச்சைத் திரவம் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். என் காரில் அது எப்போதும் மேல்கோட்டிலேயே நின்றது. ஆறு மாதமாக ஒரு சொட்டுகூடக் குறையவில்லை என்று ஆசிரியர் அறையில் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன். பச்சை மட்டும் வரவர வெளிறியது. வெயிலில் காயும் சேலை வெளிறுவதில்லையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் அறிவியல் டீச்சர்.

தச்சநல்லூரிலிருந்து சீவலப்பேரிக்கு இரண்டு பஸ் மாறிப் பல வருடம் போய்வந்தவள் நான். இந்தப் பழைய கார் வந்த பிறகுதான் காலைக் காப்பியை உட்கார்ந்து குடித்தேன். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ரோட்டுல பாதி தூரம் ஆளே கிடையாது. ஒரு நாள் வழியில நின்னுச்சுன்னா வித்துருவேன், பாத்துக்க" என்பார். கூலன்ட்டின் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சென்னைக்குப் போனால்கூட கேனில் தாமிரபரணித் தண்ணீரோடு ரயிலேறுகிற ஆள். "இத கடையில வேற வாங்கி ஊத்தணுமாக்கும். நம்ம ஆத்துத் தண்ணிக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மணிமுத்தாறு போய்விட்டுத் திரும்பினோம். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறியது. "பைய ஓட்டு, சேரன்மகாதேவி போயிரலாம்" என்றார் அவர். நான் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன். பானெட் இடுக்கில் ஆவி வந்தது. அதற்குள் அவர் டிக்கியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் துண்டுமாக வந்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

"ஏங்க, அதத் தொடாதீங்க. கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

பாட்டிலை டிக்கியிலேயே வைத்துவிட்டார். வயலைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றோம். வண்டி வழியில் நின்றுவிட்டது. விற்கப்போகிறார் என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் ஓடவில்லை.

கட்டி இழுத்துக்கொண்டு வந்து தச்சநல்லூர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டோம். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

"ஆயில்ல தண்ணி கலந்திருந்தா என்ஜினப் பிரிக்கணும் டீச்சர். கம்பியில பால் ஊத்துன காப்பி கணக்கா வந்தா போச்சு" என்றபடி அண்ணாச்சி ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். என்ஜினைப் பிரித்தால் வண்டி என் கையை விட்டுப் போய்விடும். நான் கம்பியைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"சுத்தமா இருக்கு. உடனே அணைச்சீங்க பாத்தீங்களா, அதான் தப்பிச்சுது."

அப்பாடா என்று அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி வாட்டர் பம்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரே துரு. "சீல் போயி ரொம்ப நாளா ஒழுகியிருக்கு. வாராவாரம் டப்பாவுல குறைஞ்சிருக்குமே, பாக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. "பாக்காம இருப்பேனா? திங்கக்கிழமை தவறாம பாக்கேன். குறையவே இல்ல அண்ணாச்சி."

"அது எப்படி?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் ஊத்துனேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவ நோட்டு திருத்துதப்போ. நம்ம குடிக்கிற ஆத்துத் தண்ணிதான்."

அண்ணாச்சி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "குடிக்கதுக்கு அத அடிச்சுக்க ஆளில்ல சார். கூலன்ட்ல துருப்பிடிக்காம இருக்க மருந்து இருக்கு. வெறும் தண்ணிய ஊத்த ஊத்த அது நீத்துப்போயிரும்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குறையுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்" என்றார், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "வழியில நின்னா விக்கணும்னு சொல்லி வச்சுட்டேன். பழையபடி பஸ் ஸ்டாண்டுல கால்கடுக்க நிப்பியே. அதான், நிக்காம பாத்துக்கிடுவோம்னு."

என்ஜின் பிழைத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, முழுக்கக் கழுவிவிட்டுப் பச்சைக் கூலன்ட்டையே ஊற்றச் சொன்னேன். பிறகு டிக்கியைத் திறந்து, அவர் பாட்டிலில் இருந்த ஆற்றுத் தண்ணீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம்.